பூவரசம்பூவுக்குப் பின்னால் நடந்தவள்

மழை தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில் எல்லா உயிரும் உள்ளே ஓடும். ஆடு கொட்டிலுக்குள். கோழி கூட்டுக்குள். அடுத்த வீட்டுச் சின்னத்துரை அண்ணை சாய்மனைக் கதிரையோடு விறாந்தைக்குள். முந்திய காலத்தில் தவக்கை, அதுதான் தவளை, மட்டும் வெளியே வரும். ஒழுங்கைக்குத் தார் போட்டு, வளவுக்குள் எல்லாரும் வடிவுக்குக் கல் பதித்த பிறகு தவக்கையும் வருவதில்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறதே என்று வந்தவள்போல அவள் வந்தாள்.

பச்சை மழைக்கோட்டு. முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. குடை இல்லை. பொழிகிற மழைக்குள் என் கேற்றடியில் குந்தியிருந்து, வேலியில் ஒரு பூவரசம்பூவைப் பிடுங்கினாள்.

“பிள்ளை, சாமிக்கு உந்தப் பூ வைக்கிறேல்லை” என்றேன் விறாந்தையில் நின்று.

“சாமிக்கில்லை அம்மா. தண்ணி எங்கை போகுதெண்டு கேக்கப்போறன்.”

“பூவிட்டையோ?”

“ஓம். ஆக்களிட்டைக் கேட்டால், ‘அது எங்கடை தண்ணியில்லை, பக்கத்து வீட்டுத் தண்ணி’ எண்டினம்.”

நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சொல்லுவதற்கு முதல் பிடித்துவிட்டாள்.

பிரதேச சபையில் புதிதாக வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவள். தெரு, மதகு, வெள்ளவாய்க்கால் எல்லாவற்றையும் அளந்து பார்க்கிற வேலை. எங்கள் ஊரில் ஒரு ஆளுக்குச் சொந்தப் பெயர் தெரிய ஒரு மாதம் செல்லும். பட்டப்பெயர் வைக்க ஒரு மழை போதும். அன்று பின்னேரமே நான் அவளுக்குத் ‘தவக்கை’ என்று பெயர் வைத்துவிட்டேன். அடுத்த நாள் மீன் வாங்கப் போனால் மீன்காரன் என்னிடமே கேட்கிறான், “ஏனணை, தவக்கை உங்கடை ஒழுங்கைக்கு வந்ததாமே?” என்று.

அந்த முதல் மழையில் அவள் பூவைத் தண்ணீரில் விட்டாள். என் வளவுக் கல்லில் விழுந்த மழை கேற்றுக்குக் கீழாலே ஒழுங்கைக்கு ஓடுகிறது. பூ அதில் ஏறிப் போகிறது. அவள் பின்னால் போகிறாள். பகிடி பார்க்கிற ஆசையில் நானும் குடையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன்.

பூ சின்னத்துரை அண்ணையின் கேற்றைத் தாண்டியது. அவர் வீட்டுத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள அதற்கு வேகம் வந்தது. முடக்கில் திரும்பி, சரிவில் இறங்கி, ஒழுங்கை முடிகிற இடத்தில் பரிமளத்தின் படலைக்குள் போய் நின்றது.

பரிமளம் தையல்காரி. இருபது வருசமாக என் சட்டையெல்லாம் தைத்தவள். அவள் வீட்டுக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். மழையில் ஒருநாளும் போனதில்லை. தையல் மெசினை நாலு சீமெந்துக் கல்லுக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றாள். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

“என்னக்கா, மழைக்குள்ளை? உங்கடை தண்ணி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்ததோ?”

மழைக்குள் நின்றபடியே குடையை மடக்கினேன்.

அவள் பரிமளத்தின் கதவுநிலையில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் என்று கையால் அளந்தாள். பிறகு சொன்னாள்: “மேலை சித்திரை வந்தால் கிணறு உவருது. கீழை கார்த்திகை வந்தால் வீடு மிதக்குது. ரெண்டுக்கும் ஒரே மழைதான். நாங்கள்தான் அதை நிலத்துக்குள்ளை இறங்க விடாமல் கலைக்கிறம்.” பரிமளத்தைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள். “அக்கா, இந்த மாரிக்கு உங்கடை வாசலுக்குள்ளை தண்ணி வராது.”

உத்தியோகத்தில் இருக்கிற ஆட்கள் அப்படித் திகதி போட்டு வாக்குக் கொடுக்கக் கூடாது. அவளுக்கு அது தெரியாதோ, தெரிந்துதான் கொடுத்தாளோ, நான் கேட்கவில்லை.

அவள் செய்ய நினைத்தது இதுதான். தாருக்கும் வேலிக்கும் இடையில் சும்மா கிடக்கிற ஓரத்தில், மேலிருந்து கீழே ஆறு பள்ளம், எங்கள் பேச்சில் கிடங்கு. முழங்கால் ஆழம். அடியில் உடைத்த கல், மேலே மணல், அதற்கு மேலே எருக் கலந்த மண். அதில் வெட்டிவேர், வல்லாரை, கல்வாழை, நொச்சி. தெருக்கரைக் கட்டை வெட்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு திறப்பு. அதற்கு அவள் ‘வாய்’ என்று சொன்னாள். தெருத் தண்ணீர் வாயால் உள்ளே போய், பள்ளத்தில் தங்கி, நிலத்துக்குள் இறங்கவேண்டும்.

சபைத் தவிசாளருக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொங்கிறீற் வாய்க்கால்தான் அவருக்குப் பிடித்தது. அது கண்ணுக்குத் தெரியும், திறந்து வைக்கலாம். ஆனால் அந்த வாய்க்காலும் முடிகிற இடம் பரிமளத்தின் படலைதான். அதற்கு அப்பால் போக வழியில்லை. கடைசியில் அவர், “சரி, இந்த மாரி பாப்பம். பரிமளத்தின்ரை வீட்டுக்குள்ளை தண்ணி போனால் கிடங்கை மூடிப்போட்டு வாய்க்கால் கட்டுவம்” என்று சொன்னார்.

சபை ஓம் என்றாலும் ஒழுங்கை ஓம் என்னவேண்டுமே. ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் கேற்றுக்கு முன்னால் கிடக்கிற அரசாங்க நிலம் பாட்டன் சொத்து. சின்னத்துரை அண்ணை தன் மோட்டார்சைக்கிள் நிறுத்துகிற இடத்தை விடமாட்டேன் என்று நின்றார். நான் என் வேலிக்கு மேலால் தலையை நீட்டி அந்த வழக்கை ஒரு கிழமை பார்த்தேன்.

“உந்தக் கிடங்குக்குள்ளை விழுந்து என்ரை கால் முறிஞ்சால்?”

“சுத்தி நொச்சி வைக்கிறன் ஐயா.”

“தண்ணி நிண்டால் நுளம்பு வருமே? டெங்கு வருமே?”

“ஒரு நாளுக்கு மேலை தண்ணி நிக்காது. நிண்டால் நானே வந்து மூடுறன்.”

“எனக்கு விருப்பமில்லை.”

“சரி ஐயா. நாளைக்கு வாறன்.”

யார் மறுத்தாலும் அவளுக்கு ஒரே பதில்தான். ‘நாளைக்கு வாறன்.’ கோபித்துச் சொல்லமாட்டாள், கெஞ்சியும் சொல்லமாட்டாள். கடன்காரன் சொன்னால் பொய், உறவுக்காரர் சொன்னால் உபசாரம், அவள் சொன்னால் பயம். ஏனென்றால் வருவாள். ஏழாம் நாள் சின்னத்துரை அண்ணை அவளைக் கண்டதும் தானாகவே மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு வளவுக்குள் போனார்.

“ஏன் அண்ணை விட்டுட்டியள்?” என்று கேட்டேன்.

“நான் செத்தாலும் உந்தப் பிள்ளை எட்டுச் செலவு வீட்டுக்கு வந்து கேக்கும், தங்கச்சி. சீவனோடை இருக்கேக்கை குடுத்தால் எனக்கு மரியாதை.”

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைத் தொடமாட்டாள். முதலில் எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணி குடிக்காமல் போனால் அதற்கு நூறு அர்த்தம் இருக்கிறது, ஒன்றும் நல்ல அர்த்தமில்லை. நேரே கேட்டேன்.

“பிள்ளை, எங்கடை வீட்டிலை வாய் நனைக்க மாட்டியோ?”

“கிடங்கிலை தண்ணி நிண்டு வத்தட்டும் அம்மா. அண்டைக்குக் குடிக்கிறன். இப்ப குடிச்சால் உங்களோடை சண்டை பிடிக்க எனக்கு மனம் வராது.”

சண்டை பிடிக்க இடம் வைத்துக்கொண்டு பழகுகிற ஆளை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

ஆறு பள்ளமும் வெட்டியாயிற்று. கல்லும் மணலும் போட்டு, கன்றும் நட்டாயிற்று. அவள் பத்து நாள் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனாள். அந்த நேரத்தில்தான் சபை ஆட்கள் பலகை ஒன்றைக் கொண்டுவந்து என் கேற்றடியில் நட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் கும்பிட்டுப் பிரிந்தவர்கள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். ‘மழைத் தோட்டம்.’

அதுவரை நாங்கள் அதைக் கிடங்கு என்றுதான் சொல்லிவந்தோம். அவளும் எங்களோடு கதைக்கும்போது கிடங்கு என்றே சொன்னாள். இப்போது தோட்டம் என்று எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் தோட்டம் என்றால் வெங்காயம், மிளகாய், புகையிலை. பள்ளத்தில் தோட்டம் வைத்தவனை நம்பி ஒருவரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

சின்னத்துரை அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பலகையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“பாவம், படிச்ச பிள்ளை. தோட்டமெண்டு எழுதிப்போட்டுப் பள்ளமா விட்டிட்டுப் போட்டுது. மாரியிலை வேரெல்லாம் அழுகப்போகுது.”

“வரமுதல் நாங்கள் திருத்தி விடுவம் அண்ணை. சந்தோசப்படும்.”

அவருடைய மருமகனின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் இரண்டு பெட்டி செம்மண் வந்தது. என் மாட்டுக் கொட்டிலில் இருந்து எரு வந்தது. மேல்பக்கத்து நாலு பள்ளத்தையும் நிரப்பி, தெருவுக்கு மேலே ஒரு சாண் உயரப் பாத்தி கட்டினோம். நல்ல மிளகாய்க் கண்டும் கத்தரிக் கண்டும் வரிசை பிடித்து நட்டோம். மண் கரைந்து தெருவுக்குப் போகக் கூடாதே. வாயைப் பார்த்துப் பார்த்துக் கல்லை வைத்து அடைத்தேன். வல்லாரையை வீணாக்காமல் சம்பல் போட்டோம். அவ்வளவு கரிசனை.

அவள் வருகிற நாளுக்கு முதல் நாள் பகல் மழை பிடித்தது.

நான் விறாந்தையில் இருந்து என் மிளகாய்க் கண்டு நனைகிற வடிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் தண்ணீர் ஓடியது, முன்னையைவிட வேகமாக. அடைத்த வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே போனது. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பூவுக்குப் பின்னால் நடந்து போய்ப் பார்த்தவள்தானே. ஆனாலும் நான் எழும்பவில்லை.

விடிந்ததும் பரிமளம் வந்தாள். கையில் ஒரு பெரிய வாளி. அதற்குள் சேற்றில் ஊறிய பள்ளிக்கூடச் சட்டைகள், வெள்ளையாக இருந்தவை. தைத்து முடித்துக் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைத்தவை. என் கேற்றடியில் வாளியை வைத்தாள்.

“அக்கா, உங்கடை தண்ணி என்ரை வீட்டிலை நிக்குது. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.”

அந்த நேரத்தில் தவிசாளரின் வாகனம் வந்து நின்றது. இரண்டு பேர் அளவுநாடாவோடு இறங்கினார்கள். கொழும்பு பஸ்ஸால் இறங்கி, தோளில் பையோடு அவளும் நடந்து வந்தாள். முதலாவது பாத்திக்கு முன்னால் நின்றாள். செம்மண்ணைப் பார்த்தாள். கல் வைத்து அடைத்த வாயைப் பார்த்தாள். பிறகு பரிமளத்தின் வாளியைப் பார்த்தாள்.

குனிந்து ஒரு மிளகாய்க் கண்டைத் தொட்டாள். “கண்டு நல்லாப் பிடிச்சிருக்கு” என்றாள். அவ்வளவுதான்.

“பாத்தியளோ மிஸ்?” என்றார் தவிசாளர். “நான் அப்பவே சொன்னன். வேலை செய்யேல்லை. மூடுவம்.”

“ஒரு கிழமை தாங்கோ ஐயா.”

“என்னத்துக்கு? என்ன பிழைச்சதெண்டு சொல்லுங்கோவன்.”

அவள் சொல்லவில்லை. விரலை நீட்டினால் போதும். ஆறடி தூரத்தில் நான் நிற்கிறேன், நகத்துக்குள் செம்மண்ணோடு. அவள் நீட்டவில்லை. சின்னத்துரை அண்ணை திடீரென்று தன் தென்னைமரத்தில் எத்தனை குலை என்று எண்ணத் தொடங்கினார். என் வாய் சும்மா இருக்கிற சாதியில்லை.

“ஐயா, கிடங்கை மூட நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். அதை நான் போன கிழமையே மூடிப்போட்டன்.”

“நீங்களோ?”

“ஓம். தோட்டமெண்டு பலகை நட்டால் தோட்டக்காரி என்ன செய்வாள்? வாயை அடைச்சதும் நான்தான். இந்தப் பிள்ளையிலை பிழையில்லை.”

தென்னையடியில் இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. “மண் கொண்டுவந்து பறிச்சது நான்.”

தவிசாளர் சிரிக்கவில்லை. “அப்ப சனத்துக்கு உது விருப்பமில்லை எண்டுதானே அர்த்தம்?”

“நான் சனமில்லையோ ஐயா?” என்று பரிமளம் கேட்டாள்.

சத்தமாகக் கேட்கவில்லை. வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். தவிசாளர் சட்டைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “ஒரு கிழமை” என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

ஒரு கிழமையில்லை, நாலு நாளில் பெரிய மழை வரும் என்று வானொலி சொன்னது. அவள் பையைக்கூட வீட்டில் வைக்கப் போகவில்லை. என் விறாந்தையில் வைத்துவிட்டு மண்வெட்டியைக் கேட்டாள். நான் அலவாங்கை எடுத்தேன். சின்னத்துரை அண்ணை கடகத்தோடு வந்தார். கொண்டுவந்து கொட்டின அதே மண்ணை அதே லான்ட்மாஸ்ரரில் ஏற்றினோம். நான் நட்ட மிளகாய்க் கண்டுகளை நானே பிடுங்கி வீட்டுக்கு வீடு கொடுத்தேன். வாங்கினவர்களை மண் அள்ளவும் கூப்பிட்டேன். இரண்டாம் நாள் ஒழுங்கையில் சும்மா நின்றவர் ஒருவருமில்லை. என் சட்டையின் தோள் எத்தனை அங்குலம் என்று தெரிந்த பரிமளம் என் கேற்றடிப் பள்ளத்தில் நின்று வெட்டினாள்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் கீழை குனிஞ்சு வெட்டுங்கோ. சட்டை கிழிஞ்சால் நான் தைச்சுத் தாறன்.”

“காசுக்கோ, சும்மாவோ?”

“கோபம் தீர்ந்தால் சும்மா.”

மண்ணோடு மண்ணாகப் போன கல்லையும் மணலையும் அவள் பிரித்து எடுக்கச் சொன்னாள். எல்லாரும் முணுமுணுத்தோம். அவள் எங்கள் முணுமுணுப்பைக் காதில் போடாமல் பிரித்தாள். ஆழம் சரியோ என்று பார்க்க அளவுகோல் தேடவில்லை. பள்ளத்துக்குள் இறங்கித் தன் முழங்காலைப் பார்த்தாள்.

நாலாம் நாள் காலை நான் ஒரு போத்தல் பெயின்றை எடுத்து, பலகையில் ‘தோட்டம்’ என்பதை அழித்துவிட்டு ‘கிடங்கு’ என்று எழுதினேன். ‘ங்’ எழுத்தில் புள்ளி விழுந்ததோ தெரியாது.

“கிடங்கெண்டு எழுதினால் குப்பை போடுவினமே அம்மா?”

“போட்டுப் பாக்கட்டும். எனக்கு வாய் இருக்கு.”

அவள் சிரித்ததை அன்றுதான் முதல்முறை கண்டேன். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நீக்கல். அதுக்குள்ளாலும் தண்ணி போகும் என்றேன்.

மத்தியானம் மழை இறங்கியது. எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் உள்ளே ஓடவில்லை. சின்னத்துரை அண்ணை குடையோடு தன் பள்ளத்துக்குக் காவல் நின்றார். பரிமளம் கீழே தன் படலையில் நின்றாள். பச்சை மழைக்கோட்டு வந்து என் வேலியில் ஒரு பூவைப் பிடுங்கி, என்னிடம் நீட்டியது.

“நீங்கள் விடுங்கோ அம்மா. உங்கடை தண்ணி.”

விட்டேன். பூ தெருவில் இறங்கி நாலடி போய், வாயடியில் ஒருதரம் தயங்கியது. பிறகு உள்ளே போனது. பள்ளம் நிரம்ப அது மிதந்து வெளியே வந்தது. அடுத்த வாய் அதைப் பிடித்தது. பிறகு மூன்றாவது. அதற்குள் வெட்டிவேர்ப் பத்தையில் போய்ச் சொருகி, அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. நாலு, ஐந்து, ஆறு என்று நிரம்பிக்கொண்டு போவதை நாங்கள் பார்த்தோம். ஆறாவது விளிம்பு தட்டியது. மழை கொஞ்சம் தணிந்தது.

கீழேயிருந்து பரிமளத்தின் குரல் வந்தது.

“அக்கா! உங்கடை தண்ணி வரேல்லை. வழியிலை ஆரோ மறிச்சுப்போட்டினம்!”

அடுத்த நாள் மத்தியானத்துக்கு முதல் ஆறு பள்ளமும் வற்றிவிட்டன. மூன்றாவது பள்ளத்தின் ஈரமண்ணில் அந்தப் பூ வாடிக் கிடந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு நேரே என் குசினிக்குள் வந்து, பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“சீனி ரெண்டு கரண்டி அம்மா” என்றாள்.

அடுத்த தையில் அவளுக்குச் சாவகச்சேரிப் பக்கம் மாற்றம் வந்தது. அங்கேயும் ஏதோ ஒரு ஒழுங்கையில் யாரோ ஒருவர் ‘எங்கடை தண்ணியில்லை’ என்று சொல்லியிருப்பார். போகிற அன்று, “போட்டு வாறன்” என்றாள். “நாளைக்கோ?” என்று கேட்டேன். அவள் பல் நீக்கலைக் காட்டிவிட்டுப் போனாள்.

அந்தச் சித்திரையில் என் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டேன். உவர் குறைந்திருந்ததுபோல இருந்தது. என் நாக்கை நான் முழுதாக நம்புவதில்லை. அது எத்தனையோ பகிடி விட்ட நாக்கு. ஆனால் நொச்சிக்கு வண்ணாத்திப்பூச்சி வந்ததற்குக் கண் சாட்சி. கல்வாழையில் தும்பி இருந்ததற்கும் கண் சாட்சி. ஒருநாள் செண்பகக் குருவி ஒன்று வந்து பள்ளத்துக்குள் நடந்து திரிந்தது, சபை ஆள் மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

இந்த மாரியின் முதல் மழை ஒரு பின்னேரம் பெய்தது. நான் விறாந்தையில் இருந்தேன். கேற்றடிப் பள்ளத்தில் இருந்து ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கச்சேரி. எத்தனை வருசத்துக்குப் பிறகு! கைபேசியை எடுத்து அவளை அழைத்து, ஒன்றும் சொல்லாமல் பள்ளத்துப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

“அம்மா? ஆர் அது கத்துறது?”

“உன்ரை இனசனம் வந்திருக்கு பிள்ளை. உன்னைக் கேக்கினம்.”

அந்தக் கச்சேரியை அவள் கொஞ்சம் கேட்டாள். பிறகு சொன்னாள், “அந்தப் பெயரை வைச்சது நீங்கள்தான் எண்டு முதல் கிழமையே பரிமளம் அக்கா எனக்குச் சொல்லிப்போட்டா.”

“அப்ப ஏன் கோபிக்கேல்லை?”

“தவக்கை வராத ஒழுங்கையிலை அந்தப் பெயரையாவது விட்டு வைப்பம் எண்டு நினைச்சன். அதை விடுங்கோ. பரிமளம் அக்கான்ரை வாசல்?”

“காய்ஞ்சு கிடக்கு.”

“வாய் அடைக்காமல் இருக்கோ?”

“எந்த வாய்?”

“கிடங்கின்ரை வாய் அம்மா. உங்கடை வாய் அடைக்காதெண்டு எனக்குத் தெரியும்.”

எட்டிப் பார்த்தேன். வாயடியில் பூவரசஞ்சருகு இரண்டு கை அளவு சேர்ந்து கிடந்தது. தண்ணீர் தயங்கிக்கொண்டு நின்றது.

“இருக்கு, இருக்கு. வடிவா இருக்கு” என்றேன்.

“சரி” என்றாள். “நாளைக்கு வாறன்.”

குடையைத் தேடவும் நேரமில்லை. சருகை அள்ள நான் மழைக்குள் இறங்கினேன்.